பச்சைக் கோடு, சிவப்புக் கோடு

ஹெச்.எம். சௌந்தரவல்லி சாக்பீஸ் டப்பாவைக் குலுக்குகிறாள். உள்ளே பதினாறு துண்டுத்தாள்கள். ஒன்று நான் எழுதியது. மீதிப் பதினைந்தில் எத்தனை தாளில் என் பெயர் இருக்கிறது என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே கேள்வி, அது பச்சையிலா சிவப்பிலா என்பது அந்தக் கேள்வியின் வால். சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி, பத்தாம் வகுப்பு ஏ பிரிவு அறை, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இடிக்கப் பதினாறு வாத்தியார்களும் டீச்சர்களும். பணியிடைப் பயிற்சியாம். மனித நடத்தைக் கோட்பாடுகளை வகுப்பறையில் பயன்படுத்துவது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தர கல்வியியல் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறது, ஜெனிட்டா என்று பெயர், இருபத்தாறு வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு ஸ்கெட்ச் பேனா. நான் மனோதத்துவத்தில் எம்.எட். முடித்தபோது இந்தப் பெண் பிறந்தேயிருக்காது. நாய்க்கு மணியடித்து எச்சில் ஊற வைத்த கதை, பெட்டிக்குள் புறாவை அடைத்துத் தானியம் போட்ட கதை, மனிதத் தேவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கதை, காலையில் எல்லாம் சொன்னது. எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதை அதற்கும் தெரியப்படுத்தினேன், நாலைந்து தடவை. மதியத்துக்கு ஏதோ பலூன் ஊதும் விளையாட்டு வைத்திருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 'பலூன்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மேடம். ஒரு சோஷியோகிராம் போடுங்க, இந்த ஸ்டாஃப் எப்படிப்பட்ட குழுன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிரும்' என்று எழுந்து நின்று சொன்னவன் நான்தான். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை.

சோஷியோகிராம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு வட்டம். யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டு, எழுதினவர் வட்டத்திலிருந்து எழுதப்பட்டவர் வட்டத்துக்குப் பச்சைக் கோடு. யாரோடு இருக்க விருப்பமில்லை என்று கேட்டு, அதே மாதிரி ஒரு சிவப்புக் கோடு. பச்சை நிறைய வாங்கினவர் நட்சத்திரம், சிவப்பு நிறைய வாங்கினவர் ஒதுக்கப்பட்டவர், எந்த நிறமும் வந்து சேராதவர் தனியர். டிசம்பரில் மூணாறுக்கு ஸ்டாஃப் டூர் போகிறோம், பஸ்ஸில் பத்து மணி நேரம், பக்கத்தில் யார் உட்கார்ந்தால் பிடிக்கும், யார் உட்கார்ந்தால் பிடிக்காது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள் என்றது அந்தப் பெண். தாளின் மேலே உங்கள் பெயரும் வேண்டும், ஆனால் சார்ட்டில் எண் மட்டும்தான் போடுவேன் என்றும் சொன்னது. கெடுத்தது சௌந்தரவல்லி. 'நம்பர்லாம் எதுக்கும்மா? நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு, எல்லாரும் ஒரு குடும்பம். நானே சத்தமா வாசிக்கேன், நீங்க பேரப் போட்டு கோடு போடுங்க.' அறையில் எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். முதலில் தலையை ஆட்டியது யார்? நான். என் வட்டத்துக்கு ஐந்தாறு பச்சையாவது வரும் என்று நினைத்தேன், அது வெறும் எண்ணுக்கு வந்தால் எனக்கு என்ன லாபம். என் தாளில் பச்சைக்குப் பால்துரை என்று எழுதினேன். அறிவியல் வாத்தியார், பதினோரு வருஷமாக என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் வருகிற ஆள். சிவப்புக்குத்தான் யோசித்தேன். கணக்கு வாத்தியார் சீனிவாசகத்தை எழுதலாம், எழுதினால் அடுத்த டைம்டேபிளில் கடைசிப் பீரியடெல்லாம் எனக்கு விழும், டைம்டேபிள் போடுவது அவர்தான். யாரை எழுதினாலும் ஏதாவது திரும்பி வரும். எழுதினால் ஒன்றும் திரும்பி வராத ஆள் ஒருத்திதான் இருந்தாள், தையல் டீச்சர் தங்கபுஷ்பம். பகுதிநேரம், வாரத்தில் மூன்று நாள் வருவாள், ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதாவது தைப்பாள், போவாள். எழுதினேன். அவள் மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது.

முதல் தாள் ஓவிய மாஸ்டருடையது. பச்சை, எட்வின். சிவப்பு, சீனிவாசகம். சரி, நான் எதிர்பார்த்ததுதான். எட்வின் பி.டி. மாஸ்டர், வந்து இரண்டு வருஷம் ஆகிறது, எல்லார் பிறந்தநாளும் அவனுக்கு ஞாபகம் இருக்கும். அங்கீகாரத் தேவை மிகுந்த ஆளுமை என்று போன வருஷமே அவனை வகைப்படுத்திவிட்டேன். எல்லாரையும் வகைப்படுத்தி வைத்திருக்கிறேன். ஓவிய மாஸ்டருக்குத் தாழ்வு மனப்பான்மை, அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறார். இங்கிலீஷ் டீச்சர் கணவன் மேல் உள்ள கோபத்தை ஒன்பதாம் வகுப்பின் மேல் காட்டுகிறவள். சௌந்தரவல்லிக்கு அதிகாரப் பசி, சின்ன வயதில் கிடைக்காத ஏதோ ஒன்று. இதையெல்லாம் மனதோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை, அவரவரிடமே சொல்லியும் இருக்கிறேன். ஓவிய மாஸ்டரிடம் அவர் மகள் கல்யாணப் பந்தியில் வைத்துச் சொன்னேன், கையில் பாயசத்தோடு அப்படியே நின்றார். நல்லதுக்குத்தான் சொன்னேன், ஒரு மனிதனுக்குத் தன்னைப் பற்றித் தெரிய வேண்டாமா. இரண்டாவது தாள், தமிழ் டீச்சர். பச்சைக்கு இங்கிலீஷ் டீச்சர். சிவப்பு, என்று சொல்லிவிட்டு சௌந்தரவல்லி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு மூச்சு எடுக்கிறாள் பாருங்கள், அந்த இடத்தில் என் பெயரின் முதல் எழுத்தை நானே வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். சீனிவாசகம். அப்பாடா. எனக்குப் பச்சை வராவிட்டாலும் போகட்டும், சிவப்பு வந்துவிடக் கூடாது. இந்த மூச்சு எடுக்கிற உத்தி எனக்குப் புதிதா என்ன? பரீட்சைத் தாள் திருத்திக் கொடுக்கும்போது குறைந்த மார்க்கிலிருந்து ஆரம்பிப்பேன், பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துவேன், மார்க்கைச் சொல்வதற்குள் பையன் முகத்தில் ரத்தம் வற்றுவதைப் பார்ப்பேன். அடியைவிட அடிக்காகக் காத்திருப்பது பலமான தூண்டல் என்று பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு பயல், பெயர் மறந்துவிட்டது, காத்திருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான், நிபந்தனைப்படுத்தப்பட்ட துலங்கலுக்கு உதாரணமாக அவனை இரண்டு கருத்தரங்குகளில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன். மூன்றாவது தாள். நான்காவது.

ஆறு தாள் முடிந்துவிட்டது. அறையில் வடை வாசனை வந்துவிட்டது, ஆபீசில் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்கிறது. சார்ட்டில் நடுவில் எட்வினைச் சுற்றிப் பச்சை, மேலே சீனிவாசகத்தைச் சுற்றிச் சிவப்பு, மற்றவர்களுக்கும் ஒன்றோ இரண்டோ ஏதாவது விழுந்துகொண்டிருக்கிறது. வலது பக்கம் கீழ் மூலையில் தனுஷ்கோடி என்று என் பெயர், அந்தப் பெண்ணுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது. சீனிவாசகத்துக்கு ஐந்தாவது சிவப்பு விழுந்ததும் அந்த ஆள் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிடு போடுகிறார். 'போடுங்க, போடுங்க! டிசம்பர்ல எனக்கு தனியா ரெண்டு ஸீட்டு. கால நீட்டிப் படுத்துக்கிட்டே வருவேன்.' 'நீரு விடுத கொறட்டைக்கு பஸ்ஸே தனியா வேணும்வே' என்கிறார் ஓவிய மாஸ்டர். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆளோடு பஸ்ஸில் போவதை ஐந்து பேர் கற்பனை செய்து பார்த்திருக்கிறார்கள். குறட்டை, வெங்காய வாசனை, ஸீட்டைப் பின்னால் சாய்ப்பது, எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு நேரம் அவர் அவர்கள் மனதில் உட்கார்ந்திருக்கிறார். ஏழாவது தாள், எட்டாவது தாள், எதிலும் நான் இல்லை. பெஞ்சுப் பலகையில் பிள்ளைகள் காம்பஸால் கீறி வைத்திருப்பதைப் படிக்கிறேன். சைரன் ஒழிக. அது சௌந்தரவல்லி. சுக்கு என்று பெரிதாக, அதன் பக்கத்தில் ஒரு மீசை. அது சீனிவாசகம். ஒவ்வொரு வாத்தியாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, எட்வினுக்கு மூன்று. எனக்குக் கிடையாது. முப்பது வருஷமாக அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சின் ஓரம்வரை தேடிப் பார்க்கிறேன், அடுத்த பெஞ்சின் முதுகிலும் பார்க்கிறேன், இல்லை.

ஒன்பதாவது தாள் பால்துரையுடையது. நிமிர்ந்து உட்கார்கிறேன். பால்துரை எழுதியிருப்பான், இதில் சந்தேகம் வேண்டாம். பதினோரு வருஷம், போக ஒன்பது கிலோமீட்டர் வர ஒன்பது கிலோமீட்டர், அவன் ஹெல்மெட் என் முதுகில் இடிக்க நான் பேசிக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறேன். தொடர்ந்து கிடைக்கிற நன்மை பற்றுதலை உண்டாக்கும், இது பாலபாடம். 'பச்சை, எட்வின் சார். சிவப்பு, சீனிவாசகம் சார்.' அந்தப் பெண் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறது, கீச்சென்று ஒரு சத்தம். பால்துரை என் பக்கம் சாய்கிறான், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. 'சார், தப்பா நெனச்சிராதீங்க. பஸ்ஸுன்னுல்லா கேட்டாவ. தெனமும்தான் உங்ககூட வாரேன். ஒரு நாளாவது...' ஒரு நாளாவது என்ன? ஒரு நாளாவது பேச்சில்லாமல் வர வேண்டும் என்றா? நான் பேசினதில் இவன் ஒன்றைக்கூடக் கேட்டதில்லையா? ஹெல்மெட் போட்டிருந்தான், முழுக் காதையும் மூடுகிற ஹெல்மெட், ஊருக்குள் யாரும் போடுவதில்லை, இவன் மட்டும் வெயிலிலும் மழையிலும் கழற்றாமல் போட்டிருப்பான், பாதுகாப்பு உணர்வு மிகுந்தவன் என்று நான் வகைப்படுத்தியிருந்தேன். 'ஒண்ணும் நெனக்கலப்பா' என்கிறேன். குரல் சாதாரணமாகத்தான் வருகிறது. பத்தாவது தாளில் என்ன வாசித்தாள் என்று காதில் விழவில்லை, கோடு என் மூலைக்கு வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பதினொன்றாவது தங்கபுஷ்பம். சௌந்தரவல்லி வாசிக்காமல் முதலில் தானே சிரிக்கிறாள். 'இத கேளுங்க. ஜன்னல் பக்கம் குடுத்தா யாரா இருந்தாலும் சரின்னு எழுதியிருக்கு. கீழயும் அதே. என்ன டீச்சர், பரீட்சைக்கு வந்துட்டு வெள்ளத்தாளக் குடுக்கீங்க?' தங்கபுஷ்பம் ஊசியை நூலோடு ரவிக்கைத் தோளில் குத்திவிட்டு, 'வேடிக்கை பாக்கணும்லா மேடம்' என்கிறாள். செல்லாது என்று தாள் ஓரமாகப் போகிறது. அவள் வட்டத்துக்கும் இதுவரை ஒன்றும் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனிக்கிறேன். அவளும் நானும்தான் பாக்கி.

இப்போது எனக்கு என்ன நடக்கிறது என்று எனக்கே தெரிகிறது, அதுதான் படித்தவனுக்குக் கிடைத்த சாபம். அரை மணி நேரத்துக்கு முன்னால் சிவப்பு வரக் கூடாது என்று நடுங்கினவன் இப்போது ஒரு சிவப்பாவது வராதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாராவது என்னை வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் வேண்டுமானால் நானே தருகிறேன். இங்கிலீஷ் டீச்சரை ஸ்டாஃப் ரூமில் அழ வைத்திருக்கிறேன், குழந்தை இல்லாததைத் தொட்டுப் பேசி. எழுதும்மா, நீ எழுதாமல் யார் எழுதுவது. வீட்டில் வடிவு இருக்கிறாள், முப்பது வருஷத்து மனைவி, அவளுக்கு ஒரு தாள் கொடுத்தால்? திருச்செந்தூர் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும், அவள் பெண்கள் பக்கம் போய் யாரோ முன்பின் தெரியாதவளோடு நெருக்கி உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வருவாள். கேட்டேன் ஒரு தடவை. 'நீங்க என்னப் பாக்கும்போதெல்லாம் நோட்டுல எழுதப் போறவரு மாதிரியே இருக்கு' என்றாள். மகனை ஸ்டிக்கர் ஒட்டி வளர்த்தேன், பல் விளக்கினால் ஒன்று, பொய் சொன்னால் இரண்டு பிடுங்குவது, அருமையான பலன் கிடைத்தது, இப்போது பெங்களூரிலிருந்து அம்மாவின் போனுக்கு மட்டும் பேசுகிறான். என் பெயரை என்றைக்காவது யாராவது எழுதியிருக்கிறார்களா? எழுதியிருக்கிறார்கள், ஒரே ஒரு ஆள், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டதும் நான்தான். தொண்ணூற்றெட்டு, எம்.எட். ஆய்வேடு, எட்டாம் வகுப்பு பி பிரிவு, நாற்பத்தாறு பிள்ளைகள். மதியச் சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் உட்காரப் பிடிக்கும், யார் பக்கத்தில் பிடிக்காது. கடைசி பெஞ்சில் வேலுத்தாய் என்று ஒரு பிள்ளை, அப்பா பேரூராட்சியில் சாக்கடை அள்ளுகிறவர். ஒரு பிள்ளைகூட அவளைப் பச்சையில் எழுதவில்லை. சிவப்பிலும் எழுதவில்லை. பக்கத்தில் உட்காரக்கூடிய ஆட்களிலேயே அவள் சேர்த்தி இல்லை, அப்புறம் எதற்கு வேண்டாம் என்று வேறு எழுதுவது. ஏன் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், சத்துணவுத் தட்டை வாங்கிக்கொண்டு அவள் மட்டும் வேப்பமரத்துக்குப் பின்னால் போவதை மாடியிலிருந்து தினமும் பார்த்தவன் நான். ஆய்வேட்டில் காரணம் என்ற இடத்தில் சமூகத்திறன் குறைபாடு என்று எழுதினேன். வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டார். அவள் தாளில் பச்சைக்கு எழுதியிருந்தது தனுஷ்கோடி சார் என்று. ஆசிரியர் என்பவர் வகுப்புக் குழுவின் உறுப்பினர் அல்ல, ஆகவே செல்லாது, கிழித்துக் கூடையில் போட்டேன், அதனால் அவள் வட்டத்திலிருந்து வெளியே போகவும் கோடு இல்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வருகிறது என்று சார்ட்டைப் பெயர்களோடு வகுப்பின் பின்சுவரில் ஒட்டினேன், எல்லாரும் பாராட்டினார்கள். இடைவேளையில் அவள் அதன் முன்னால் வந்து நின்றாள். 'சார், எம் பேருக்கு மட்டும் கோடு போட மறந்துட்டீங்க.' 'மறக்கல' என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு ரிஜிஸ்டரில் அவள் பெயர் இல்லை, எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. அவளுக்காக வருத்தப்படுகிறேனா என்று தோண்டிப் பார்க்கிறேன். இல்லை. அந்தத் தாள் ஒன்று கையில் இருந்திருக்கலாமே என்றுதான் இருக்கிறது. இது கேவலம் என்பதும் தெரிகிறது.

பன்னிரண்டாவது தாளும் போய்விட்டது, அதிலும் நான் இல்லை. இன்னும் நான்கு தாள். இங்கிலீஷ் டீச்சர். பச்சைக்குத் தமிழ் டீச்சர். சிவப்பு, மூச்சு, நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன், எழுதும்மா, சீனிவாசகம். 'ஏழு!' என்று அந்த ஆளே எண்ணுகிறார். இங்கிலீஷ் டீச்சரைத் திரும்பிப் பார்க்கிறேன், அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள், நான் அவளை அழ வைத்ததுகூட அவளிடம் மிச்சமில்லை. அடுத்தது சீனிவாசகம். பச்சைக்கு ஓவிய மாஸ்டர். சிவப்புக்குத் தன் பெயரையே எழுதியிருக்கிறார். 'எம் பக்கத்துல என்னாலயே உக்கார முடியாதும்மா, குளிருல அந்தக் கொறட்டைய யாரு கேக்கது?' சௌந்தரவல்லிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அடுத்தது எட்வின். எட்வினுக்கு என் பிறந்தநாள் தெரியும், ஜூன் ஐந்து, கேக் வாங்கி வந்தான், அங்கீகாரத் தேவை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டே அதைச் சாப்பிட்டேன். நல்ல பையன். நல்ல பையன்கள் இந்த மாதிரி நேரத்தில் யாருக்கு ஒன்றும் வராது என்று யோசித்து எழுதுவார்கள், படித்திருக்கிறேன், பிறர் நலம் பேணும் நடத்தை, எட்வின், உன்னை நான் தப்பாக வகைப்படுத்திவிட்டேன், எழுது. 'பச்சை, பால்துரை சார். சிவப்பு, யாருமில்லை, எல்லாரும் எனக்குப் பிடித்தவர்கள்.' ஓவென்று சத்தம், கைத்தட்டல். நானும் தட்டுகிறேன். கை தன்பாட்டுக்குத் தட்டுகிறது. கடைசித் தாள் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அதில் என் பெயர் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும், சீனிவாசகம் மாதிரி என் பெயரையே சிவப்பில் எழுதியிருக்கலாம், அந்தப் புத்தி எனக்கு எங்கே வந்தது.

'கடைசியா நம்ம தனுஷ்கோடி சார். பச்சை, பால்துரை சார்.' யாரோ ஒருத்தி 'அச்சச்சோ' என்கிறாள், மெதுவாகத்தான். பால்துரை குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்கிறான். 'சிவப்பு...' இந்தத் தடவை மூச்சு நீளம். 'தங்கபுஷ்பம் டீச்சர்.' சிரிப்பு இல்லை. இவ்வளவு நேரமும் சீனிவாசகத்துக்குச் சிரித்தவர்கள் இப்போது சார்ட்டையே பார்க்கிறார்கள், அந்தப் பெண் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறது. தங்கபுஷ்பம் முன் பெஞ்சிலிருந்து முழுசாகத் திரும்பி என்னைப் பார்க்கிறாள். முகத்தில் கோபம் இருக்கும் என்று தயாராகிறேன், கோபத்தை எப்படிக் கையாள்வது என்று எனக்குத் தெரியும். கோபம் இல்லை. 'பரவால்ல சார். உங்களுக்காவது என் நெனப்பு வந்துச்சே' என்று சொல்லிவிட்டு உண்மையாகவே சிரிக்கிறாள். அதோடு அறையும் சிரிக்கிறது, பெரிய பாரம் இறங்கின மாதிரி. ஜெனிட்டா என் வட்டத்திலிருந்து அவள் வட்டத்துக்குச் சிவப்புக் கோடு போடுகிறது. அவளுக்கும் ஒன்று வந்துவிட்டது. நான் கொடுத்தது.

பேனாவை மூடிவிட்டு அந்தப் பெண் இரண்டடி பின்னால் வந்து சார்ட்டைப் பார்க்கிறது, கண் என் மூலையில் போய் நிற்கிறது, உடனே என்னைப் பார்க்காமல் டேபிளில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பிக்கிறது. நல்ல பெண். இத்தோடு விட்டிருக்கலாம். சௌந்தரவல்லி விடவில்லை. 'இது என்னம்மா, சாருக்கு எதுவுமே வரலியே? பச்சையும் இல்ல, செவப்பும் இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்?' 'அது மேடம், ஒரு சில குரூப்புல அப்படி... அதுக்கு ஒரு பேரு உண்டு...' என்று அது மென்று விழுங்குகிறது. 'சாரே சைக்காலஜி எம்.எட்.தானே? சார், நீங்களே வந்து சொல்லிருங்க. இந்த மாதிரி ஒரு பிள்ள நம்ம வகுப்புல இருந்தா என்ன செய்யணும்? எல்லாரும் நோட்ட எடுங்க, ரிப்போர்ட்டுல எழுதணும்.' கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கேலி செய்ய வராது. நான் எழுந்திருக்கிறேன், முழங்கால் பெஞ்சில் இடிக்கிறது, வலி இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. சார்ட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். சாக்பீஸ் கைக்கு வந்ததும் குரலும் வந்துவிடுகிறது, முப்பது வருஷத்துப் பழக்கம், மணியடித்தால் எச்சில் ஊறுகிறது. 'இவங்களத் தனியர்னு சொல்லுவோம்' என்கிறேன். 'ஒதுக்கப்பட்ட பிள்ளையவிட இந்தப் பிள்ளைய கவனிக்கிறது கஷ்டம். ஏன்னா இதனால யாருக்கும் தொந்தரவு இருக்காது. முதல்ல அந்தப் பிள்ளைய, எல்லாருக்கும் பிடிச்ச ஒரு பிள்ளைக்குப் பக்கத்துல உக்கார வைக்கணும். ரெண்டாவது, அதுக்கு ஏதாவது சின்னப் பொறுப்பு குடுக்கணும், டஸ்டர் எடுத்து வைக்கிறது, தண்ணி பிடிச்சு வைக்கிறது, அந்த மாதிரி. செஞ்சா எல்லார் முன்னாலயும் பாராட்டணும்.' பதினைந்து தலைகளும் குனிந்திருக்கின்றன, பதினைந்து பேனாக்கள் ஓடுகின்றன, யாரும் நிமிரவில்லை. 'முக்கியமா ஒண்ணு' என்கிறேன், 'இத மட்டும் அடிக்கோடு போட்டுக்கிடுங்க. வகுப்புல தன் பேர ஒருத்தர்கூட எழுதலங்கிறது எந்தக் காரணத்தக் கொண்டும் அந்தப் பிள்ளைக்குத் தெரியவே கூடாது.' பேனாக்கள் அடிக்கோடு இழுக்கிற சத்தம் கேட்கிறது. பால்துரை கையைத் தூக்குகிறான், பிள்ளைகள் தூக்குகிற மாதிரியே, கண் நோட்டில்தான் இருக்கிறது. 'சார், கடைசிப் பாயின்ட்ட மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க, விட்டுப்போச்சு.' டிக்டேஷன் வேகத்தில், வார்த்தை வார்த்தையாக நிறுத்தி, இன்னொரு தடவை சொல்கிறேன்.